எந்தத் தொடர் தப்பும்?

வணக்கம் சார்,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெட்ஃபிளிக்ஸில் ‘1899’ பார்த்தேன். இரண்டே இரவில் எட்டு எபிசோடும் முடிந்தது. கடைசிக் காட்சியில் கதை அப்படியே தலைகீழாகிறது. அடுத்த சீசன் எப்போது என்று தேடினால், தொடரையே நிறுத்திவிட்டார்களாம். மனசே ஆறவில்லை. என் ஆபீஸ் நண்பர்கள், “முழுசா முடிஞ்ச தொடரை மட்டும்தான் தொடுவோம்” என்கிறார்கள். ஒரு புதுத் தொடர் ஓடுமா, பாதியில் போகுமா என்று முன்கூட்டியே கணிக்க வழி உண்டா? இல்லை, நண்பர்கள் செய்வதுதான் சரியா?

ர., கோவை

அன்புள்ள ர.,

எனக்கும் அந்த வருத்தம் தீரவில்லை. ‘1899’ வெளியானது 2022 நவம்பர் நடுவில். அதை உருவாக்கிய பாரான் போ ஒடாரும் யாண்ட்யே ஃப்ரீசேவும், இனி தொடராது என்று 2023 ஜனவரி 2 அன்றே சொல்லிவிட்டார்கள். ஏழு வாரம்கூட முழுதாகவில்லை. மூன்று சீசனுக்குக் கதை வைத்திருந்தவர்கள் அவர்கள்.

கணிக்க ஓரளவு வழி உண்டு. ஆனால் தொடர் நன்றாக இருக்கிறதா, பெரிய நடிகர்கள் இருக்கிறார்களா என்பதை வைத்துக் கணித்தால் பெரும்பாலும் தவறிப்போகும். அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த இலையுதிர் காலத்தில் என்பிசி சேனல் இரண்டு புதுத் தொடர்களை இறக்கியது. இரண்டும் ஒரே களம்: ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியைத் தயாரிப்பவர்களின் கதை. ஒன்று ‘ஸ்டுடியோ 60 ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்’. எழுதியவர் ‘த வெஸ்ட் விங்’ புகழ் ஆரன் சார்க்கின். நடித்தவர்களில் ‘ஃபிரெண்ட்ஸ்’ மேத்யூ பெர்ரி. ஒரு மணி நேர ஸ்லாட் (ஒளிபரப்பு நேரம்), பெரிய செலவு. இன்னொன்று டினா ஃபே எழுதி நடித்த அரை மணி நேர ‘30 ராக்’. இரண்டில் ஒன்றுதான் தேறும் என்றால் அது சார்க்கினுடையதாகத்தான் இருக்கும் என்று பலரும் எழுதினார்கள். முதல் வார ரேட்டிங்கும் அப்படித்தான் வந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? ‘ஸ்டுடியோ 60’ வாரத்துக்கு வாரம் பார்வையாளர்களை இழந்தது. அதற்கு முன்னால் ஓடிய ‘ஹீரோஸ்’ அந்த ஆண்டின் பெரிய வெற்றி. ‘ஹீரோஸ்’ பார்த்தவர்கள் அது முடிந்ததும் சேனலை மாற்றினார்கள். 22 எபிசோடோடு கதை முடிந்தது. ‘30 ராக்’ ரேட்டிங்கில் ஒருநாளும் பெரிதாக எழவில்லை. ஆனாலும் 2013 ஜனவரி வரை ஏழு சீசன், 138 எபிசோட் ஓடியது.

இரண்டு தொடர்களின் கணக்கும் வேறு வேறு. ‘ஸ்டுடியோ 60’-ஐத் தயாரித்தது வார்னர் பிரதர்ஸ். என்பிசிக்கு அது வெளியிலிருந்து வாங்கிய சரக்கு. ‘30 ராக்’ என்பிசியின் சொந்தக் குழுமத் தயாரிப்பு. சேனலில் விளம்பரம் குறைந்தாலும், பிறகு மறுஒளிபரப்பு உரிமையை மற்ற சேனல்களுக்கு விற்கும்போது வரும் பணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். முதல் சீசனுக்கே சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது கிடைத்தது இன்னொரு பலம். 1970 முதல் அமெரிக்க சேனல்கள் தாங்கள் ஒளிபரப்பும் மாலைநேரத் தொடர்களில் பங்கு வைத்துக்கொள்ளத் தடை இருந்தது. 1990-களில் அந்தத் தடை போனது. அதற்குப் பிறகு ஒரு புதுத் தொடர் தப்புமா என்று பார்க்க நான் முதலில் தேடுவது அதன் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைத்தான். சேனலும் தயாரிப்பாளரும் ஒரே குடும்பமா? அப்படியானால் ஆயுள் கொஞ்சம் கெட்டி.

அந்த மறுஒளிபரப்புச் சந்தைக்கு நூறு எபிசோட் பக்கம் வேண்டும் என்பது அங்கே பழைய கணக்கு. அதனால் மூன்று சீசனைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய தொடருக்கு நான்காவது கிடைப்பது வழக்கமாக இருந்தது. முதல் ஆண்டுதான் கண்டம்.

அடுத்து, சேனலின் நிலைமை. 1982-இல் ‘சியர்ஸ்’ தொடங்கியபோது ரேட்டிங் பட்டியலின் அடியில் கிடந்தது. வேறொரு சேனலாக இருந்தால் தூக்கியிருப்பார்கள். அப்போது மூன்று பெரிய சேனல்களில் என்பிசி மூன்றாவது. அந்த இடத்தில் போட வேறு நல்ல சரக்கு கையில் இல்லை. அங்கே பொறுப்பில் இருந்த கிராண்ட் டிங்கரும் பிராண்டன் டார்டிகாஃபும் அந்தத் தொடரை மனதார நம்பினார்கள். அது பதினோரு சீசன் ஓடியது. இந்த நம்பிக்கையை எந்த ரேட்டிங் அட்டவணையிலும் பார்க்க முடியாது, கணிப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

‘சைன்ஃபெல்ட்’ கதை இதைவிட ஆச்சரியம். அதன் பைலட்டை, அதாவது முன்னோட்டமாக எடுத்த முதல் எபிசோடை, மக்களுக்குப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டபோது ‘பலவீனம்’ என்றுதான் அறிக்கை வந்தது. 1989 ஜூலையில் ஒருமுறை ஒளிபரப்பிவிட்டு விட்டுவிட்டார்கள். பின்னிரவு நிகழ்ச்சிகளையும் சிறப்பு நிகழ்ச்சிகளையும் கவனித்துவந்த ரிக் லட்வின் என்ற அதிகாரி, பாப் ஹோப்பின் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றுக்கான பணத்தை எடுத்து இன்னும் நான்கு எபிசோட் எடுக்க வைத்தார். நான்கே நான்கு! 1993-இல் வியாழக்கிழமை ‘சியர்ஸ்’ முடிந்த கையோடு அதைப் போட்டார்கள், பார்வையாளர்கள் எகிறினார்கள். அடியில் கிடந்த தொடர் இன்னொரு தொடரைத் தூக்கிவிட்டது. ‘சைன்ஃபெல்ட்’ 1998 வரை ஒன்பது சீசன் போனது. ஸ்லாட் என்பது அவ்வளவு பெரிய விஷயம். வெள்ளி இரவில் போட்டு, எபிசோட்களை வரிசை மாற்றிக் காட்டி, எடுத்த 14-இல் 11-ஐ மட்டும் ஒளிபரப்பிவிட்டு 2002-இல் ஃபாக்ஸ் சேனல் நிறுத்திய ‘ஃபயர்ஃபிளை’யை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சரி, ஓடிடிக்கு வருவோம். அங்கே ஸ்லாட் இல்லை, வெள்ளி இரவு இல்லை. செலவுக்குத் தக்க ஆட்கள் பார்த்தார்களா, தொடங்கியவர்கள் கடைசிவரை போனார்களா என்பதுதான் கணக்கு. ‘1899’-க்காக பெர்லின் அருகே பாபெல்ஸ்பெர்கில் எல்இடி திரைகளால் சூழப்பட்ட தனி அரங்கமே கட்டினார்கள். பல மொழி பேசும் பாத்திரங்கள், பெரிய கப்பல். அந்தச் செலவுக்கு சுமாரான கூட்டம் போதாது. டேவிட் ஃபின்ச்சரின் ‘மைண்ட்ஹன்டர்’ இரண்டு சீசனோடு நின்றதற்கும் செலவையே அவர் காரணமாகச் சொன்னார். ஆக, ஓடிடியில் பிரம்மாண்டமாக வரும் புதுத் தொடர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்கள் விஷயம். நெட்ஃபிளிக்ஸ் அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களின் சாதனைப் பட்டியலை 2023 நடுப்பகுதிவரை முதல் 28 நாள் கணக்கில் போட்டது. பிறகு 91 நாள் ஆக்கியது. எப்படிப் பார்த்தாலும் ஆரம்ப வாரங்கள்தான் கண்ணில் படும். “முடிந்த பிறகு பார்க்கிறோம்” என்பவர்கள் அந்த வாரங்களில் கணக்கிலேயே வருவதில்லை. அவர்கள் காத்திருப்பதே ஒரு தொடர் முடியாமல் போக ஒரு காரணமாகிறது. எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை, பலமுறை ஏமாந்தவர்கள் அப்படித்தான் ஆவார்கள். ஆனால் நீங்கள் அப்படி ஆகிவிடாதீர்கள். பிடித்திருந்தால் வந்த வாரமே பாருங்கள், கடைசி எபிசோட் வரை பாருங்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள்.

இப்போதைக்கு, அதே இருவர் ஜெர்மன் மொழியில் எடுத்த ‘டார்க்’ பார்த்தீர்களா? 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், 26 எபிசோட். அவர்கள் நினைத்த இடத்திலேயே கதையை முடிக்க விட்டார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பாருங்கள், இரண்டாவது சீசனில் தேவைப்படும்.

அன்புடன்