கரண்டி பிடித்த கை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீடு கட்டி 12 வருடம் ஆகிறது. ஐப்பசி மழை வந்தாலே ஹால் கூரையின் ஒரு மூலையில் ஈரம் இறங்குகிறது. இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தோம். இரண்டு முறையும் உரிந்து விழுந்துவிட்டது. மொட்டை மாடித் தட்டோட்டை மொத்தமாகப் பெயர்த்துப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். அதற்குப் பணம் இல்லை. மாடியில் 20 பைகளில் கீரையும் கத்தரியும் வைத்திருக்கிறேன். செடிகளை எடுத்துவிட வேண்டுமா? நாங்களே ஏதாவது செய்துகொள்ள முடியுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: செடியை எடுக்க வேண்டாம் தாயி. தட்டோட்டைப் பெயர்க்கவும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் கீழே பட்டி பார்ப்பதை நிறுத்துங்கள். தண்ணீர் மேலே இருந்து வருகிறது. கீழே எத்தனை கோட்டிங் அடித்தாலும் அது பெயிண்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரத்தான் செய்யும்.

நான் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்து, பல வருடம் கழித்துத்தான் கொத்தனார் கரண்டி பிடித்தவள். என் அம்மாவும் அப்பத்தாவும் சுண்ணாம்புத் தளம் தட்டப் போனவர்கள். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் மாடியில் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கட்டை துள்ளித் திரும்பும் அளவுக்குத் தளம் இறுகினால்தான் எழுந்திருப்பார்கள். "தண்ணி போற வழியைப் பார்த்துட்டு அப்புறம் கட்டையை எடு" என்று அப்பத்தா சொல்லும். நான் வேலைக்குப் போன வீடுகளிலெல்லாம் முதலில் செய்தது அதைத்தான்.

நீங்களும் அதையே செய்யுங்கள். நல்ல வெயில் நாளில் மாடியைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, மேட்டுப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து எங்கெல்லாம் தேங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் கோடு போடுங்கள். வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். தேங்கினால் அங்கே தட்டோடு இறங்கியிருக்கிறது, அல்லது மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறது. செடி வளர்க்கும் வீடுகளில் பெரும்பாலும் குழாய் வாய்தான். சருகும் பையிலிருந்து கரைந்து வந்த மண்ணும் அங்கே போய்ப் படியும். கையை விட்டு அள்ளி எடுங்கள். எடுத்தபின் வலைமூடி ஒன்று போட்டுவிடுங்கள்.

அடுத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் விளிம்பைச் சுற்றி உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்த்தால் தெரியாது. நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் ஓடும். வெயிலில் தளம் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. வருடக்கணக்காக அந்த இழுபறி நடக்கும்போது விட்டுக்கொடுப்பது அந்த மூலைதான். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கீழே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தட்டோட்டுக்குக் கீழே உள்ள சுருக்கி என்ற செங்கல்-சுண்ணாம்பு அடுக்குக்குள் இறங்கிய தண்ணீர், கான்கிரீட்டின் மேலேயே ஊர்ந்து போய் நாலடி தள்ளிக்கூடக் கீழே இறங்கும். அதனால் ஒரு மூலையை மட்டும் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

பழுது பார்ப்பது உங்களால் முடியும். சிறு உளியும் சுத்தியலும் எடுத்து, விரிசலையும் சாந்து உதிர்ந்துபோன தட்டோட்டு இடுக்குகளையும் அரை அங்குல ஆழத்துக்குக் கொத்துங்கள். பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டுத் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். சிமெண்ட் ஒரு பங்கு, சலித்த பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான மணல்) மூன்று பங்கு, அதோடு கடையில் விற்கும் வாட்டர் ப்ரூஃப் திரவத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்து இறுக்கமாகத் திணியுங்கள். சுவர் மூலையில் கூர்முனையாக விடாமல், சாய்வாக, வளைவாகத் திருப்பிப் பூசுங்கள். தண்ணீர் தங்க இடம் இருக்காது. பூசிய அன்றே நிழல் கட்டி, மறுநாளிலிருந்து ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். நம் ஊர் வெயிலில் இந்த ஏழு நாளைச் சோம்பிவிட்டால் பூசியது மறுபடி வெடிக்கும். பங்குனியிலோ சித்திரையிலோ செய்துவிட்டால் மழைக்கு முன் இறுகிவிடும். கீழே கூரைக்கு அதன்பின் ஒரு மழைக்காலம் முழுவதும் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெயிண்ட் அடியுங்கள்.

செடிகளைப் பற்றி. பையைத் தரையில் நேரடியாக வைக்காதீர்கள். அடியில் ஈரம் காயவே காயாது, வேரும் இடுக்கு தேடிப் போகும். இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் வையுங்கள், சுவர் ஓரமாக, ஆனால் சுவரில் படாமல். ஆள் நடமாடும் மொட்டை மாடியைச் சதுர அடிக்குச் சுமார் 15 கிலோ மேல்பாரம் என்றுதான் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். ஒரு அடி உயரத்துக்கு ஈர மண்ணைக் கொட்டினால் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 50 கிலோ ஏறிவிடும். அதனால் பைகள் தள்ளித் தள்ளி இருக்கட்டும். மாடியில் பாத்தி கட்டி மண் நிரப்பும் ஆசை மட்டும் வேண்டாம்.

கூரையில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது நம் கை வேலை இல்லை. ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதைப் பட்டியால் மூடி மறைத்த ஒரு வீட்டில், கட்டிலில் பிள்ளை இல்லாத நேரம் பார்த்துக் கூரைப் பூச்சு விழுந்தது. அந்தக் கட்டிலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர் வர இன்னும் எட்டு மாதம் ஆகும். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சின்ன வேலைக்குப் பிளம்பர் வர மாட்டேன் என்கிறார்.
– வாசகி, மேலூர்

பதில்: இருபது நிமிட வேலை. குழாய்க்குப் போகும் வால்வை மூடுங்கள். தனியாக இல்லாவிட்டால் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். திருகு பிடியைக் கழற்றி, உள்தண்டை ஸ்பானரால் இடது பக்கம் திருப்பினால் வந்துவிடும். அதன் நுனியில் தேய்ந்துபோன ரப்பர் வாஷர் இருக்கும். அந்த வாஷரையே ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கினால் இரண்டாம் முறை நடக்க வேண்டி வரும். கால் திருப்பில் திறக்கும் புது மாடல் குழாய்க்கு வாஷர் கிடையாது, உள்ளே இருப்பதையே மொத்தமாக மாற்ற வேண்டும். அதையும் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். முதல் தடவை மாற்றி முடித்துக் குழாயை மூடும்போது ஒரு சொட்டும் விழாது பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் கூரை 600 சதுர அடி. மழைத்தண்ணீரை ஒரு 200 லிட்டர் டிரம்மில் பிடித்துத் தோட்டத்துக்கு விட நினைக்கிறேன். போதுமா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: தம்பி, 600 சதுர அடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 550 லிட்டர் இறங்கும். 4 மில்லிமீட்டரிலேயே உங்கள் டிரம் நிறைந்துவிடும். ஆகவே டிரம்மைவிட, அது வழிந்த பிறகு தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் பெரிய கேள்வி. டிரம்மின் கழுத்தில் ஒரு வழிவு குழாய் வைத்து, சுவரிலிருந்து தள்ளி ஒரு குழிக்கு விடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழம். அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். அஸ்திவாரத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் அருகில் வேண்டாம். 2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அப்போது தோண்டிய குழி சேறு நிறைந்து கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் மணலை அள்ளிக் கழுவிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். காக்கை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். டிரம்முக்கு இறுக்கமான மூடியும் குழாய் வாய்களுக்குக் கொசுவலையும் கட்டாயம். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான்.

கேள்வி: தென்னை நார்க்கழிவுக் கட்டியில் வைத்த மிளகாய் நாற்று நுனி கருகுகிறது.
– வாசகர், தேனி

பதில்: கட்டியில் இருக்கும் உப்புதான் காரணம். கட்டியை ஊறவைத்து, துணியில் பிழிந்து, நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள். நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கக் கூடாது. அதன்பின் செம்மண்ணும் மட்கிய சாணமும் சரிபாதி சேர்த்து நாற்றை மாற்றி நடுங்கள்.