'விண்வெளிச் சோளம்' விதைக்கு வாங்கலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. வருஷா வருஷம் சோளம்தான். தானியத்தைவிட மாட்டுக்குத் தட்டுதான் முக்கியம். சோள விதையை விண்வெளிக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று செய்தியில் படித்தேன். இப்போது ஒருவர் 'விண்வெளிச் சோளம், மழை ஏமாற்றினாலும் விளையும்' என்று சொல்லி கிலோ 1,200 ரூபாய் கேட்கிறார். வாங்கிப் போடலாமா? அந்தத் தட்டைத் தின்றால் மாட்டுக்கு ஏதும் ஆகுமா?

பதில்: வாங்காதீர்கள் ஐயா. நீங்கள் படித்த செய்தி நிஜம்தான். ஆனால் அந்த விதைக்கும் இவர் கையில் இருக்கும் மூட்டைக்கும் சம்பந்தம் இருக்க வழியில்லை.

2022 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சரக்குக் கலத்தில் அந்த விதைகள் போயின. அனுப்பியவர்கள் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும். சோளத்தோடு அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறு செடியின் விதையும் போனது. ஒரு பங்கை நிலையத்துக்கு உள்ளேயும் இன்னொரு பங்கை வெளியேயும் வைத்திருந்து, 2023 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதெல்லாம் ஆராய்ச்சிக்கான சிறு அளவு விதை, கிலோ போட்டு விற்க அங்கே ஒன்றும் இல்லை.

எதற்காக அனுப்புகிறார்கள்? பூமியில் நம்மைக் காற்று மண்டலமும் காந்தப்புலமும் காக்கின்றன. மேலே போனால் விண்கதிர்கள் விதைக்குள் பாய்ந்து மரபுப் பொருளை அங்கங்கே உடைக்கும். உடைந்ததைச் செல் ஒட்டும்போது சில இடங்களில் தப்பாக ஒட்டிவிடும். அதுதான் சடுதி மாற்றம். இதையே மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் பல பத்தாண்டுகளாகக் காமா கதிர் வைத்துச் செய்கிறது. நம் ஊரில் பலர் போட்டுப் பார்த்த டி.ஏ.ஜி. 24 நிலக்கடலை அந்த வழியில் வந்ததுதான். இத்தனைக்கும், ஆய்வகத்தில் விதைக்குக் கொடுக்கும் காமா கதிரின் அளவோடு ஒப்பிட்டால், விண்வெளி நிலையத்துக்குள் ஐந்து மாதம் கிடக்கும் விதை வாங்குவது ரொம்பக் கொஞ்சம். ஆனால் அங்கே கதிரின் வகை வேறு, கனமான துகள்களும் கலந்து வரும். எடையற்ற நிலையும் சேர்ந்துகொள்ளும். வெளியே வைத்தால் கடும் குளிரும் உண்டு. இதனால் வேறு மாதிரி மாற்றம் கிடைக்குமா என்பதுதான் ஆராய்ச்சியின் கேள்வி.

உங்கள் வியாபாரி மறைக்கும் இடம், அல்லது அவருக்கே தெரியாத இடம், இதற்கப்புறம்தான் வருகிறது. விண்வெளி போய் வந்ததாலேயே ஒரு விதை நல்ல விதை ஆகிவிடாது. மாற்றங்களில் பெரும்பாலானவை கெடுதல், மிச்சத்தில் பல எந்தப் பலனும் இல்லாதவை. வந்த விதையை விதைத்தால் முதல் தலைமுறையில் அநேகமாக ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மாற்றங்கள் பொதுவாக ஒடுங்கியவை, அதாவது ஜோடி மரபணு இரண்டிலும் இருந்தால்தான் வெளியே தெரியும். சோளத்தில் பக்கத்துச் செடியின் மகரந்தமும் ஓரளவு வந்து சேரும் என்பதால், பூக்கும் முன்பே ஒவ்வொரு கதிருக்கும் காகிதப் பை மாட்டிவிட வேண்டும். அறுவடையில் கதிர் கதிராகத் தனித்தனியே எடுத்து, அடுத்த பட்டத்தில் ஒரு கதிருக்கு ஒரு வரிசை என்று விதைப்பார்கள். அப்போதுதான் வேடிக்கை தெரியும். முளைத்த சில நாளிலேயே சில வரிசைகளில் வெள்ளை வெளேரென்று நாற்று நிற்கும். பச்சையம் இல்லாததால் விதையில் இருந்த சத்து தீர்ந்ததும் செத்துவிடும். சில வரிசை குட்டையாக நிற்கும், சில கதிரில் மணி பிடிக்காது. ஆயிரக்கணக்கான செடிகளில் ஒன்றிரண்டு, காயவிட்டும் பசுமை மாறாமல் நிற்கலாம். அதைப் பிடித்து இன்னும் நாலைந்து தலைமுறை விதைத்து, குணம் நிலைத்துவிட்டதா என்று பார்த்து, பல ஊர்களில் பல பருவங்களில் ஏற்கெனவே உள்ள ரகத்தோடு போட்டி போடவிட்டு, ஜெயித்தால்தான் ரகம் என்று பெயர் வைப்பார்கள். இந்தக் கழித்தெடுக்கும் வேலையில்தான் ரகம் உருவாகிறது.

இதில் பலன் கண்ட நாடு சீனா. 1987 முதல் விதைகளை மேலே அனுப்பித் திரும்ப எடுக்கிறார்கள். 2006இல் விதைக்கென்றே ஷிஜியான்-8 என்ற செயற்கைக்கோளை விட்டார்கள். அவர்களுடைய லுயுவான் 502 என்ற கோதுமை அந்த நாட்டில் அதிகப் பரப்பில் விதைக்கப்படும் ரகங்களில் ஒன்று. வழக்கமான ரகத்தைவிட 11 சதவீதம் கூடுதல் விளைச்சல் என்று அணுசக்தி முகமை சொல்கிறது. கவனியுங்கள், 11 சதவீதம்தான், இரண்டு மடங்கு இல்லை. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1984இல் நாசா 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகளை அனுப்பிக் கிட்டத்தட்ட ஆறு வருஷம் சுற்றவிட்டு, 1990இல் எடுத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் வளர்க்கக் கொடுத்தது. பெரும்பாலும் சாதாரணத் தக்காளிதான் காய்த்தது.

நம் நாட்டுச் செய்திகளும் உங்கள் காதில் விழுந்திருக்கும். 2024 டிசம்பரில் இஸ்ரோ அனுப்பிய கலத்தில் எட்டுத் தட்டைப்பயறு விதைகள் நான்கே நாளில் முளைத்தன. அது வேறு வேலை, விண்வெளியில் பயிர் வளர்க்க முடியுமா என்ற சோதனை. 2025 ஜூனில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனபோது கேரளாவின் ஜோதி, உமா நெல்லோடு தக்காளி, கத்திரி, எள், தட்டைப்பயறு விதைகளும் போய் வந்தன. அவையும் ஆராய்ச்சிக்குத்தான்.

மாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். விண்கதிர் பட்ட விதை தானாகக் கதிர்வீச்சை வெளியிடாது. அதிலிருந்து வரும் தட்டுக்கும் அந்தப் பயம் வேண்டாம். சோளத்தில் நிஜமாகப் பயப்பட வேண்டியது வேறு. மழை இல்லாமல் வாடி நிற்கும் இளம் பயிரையும், அறுத்த தாளிலிருந்து வரும் துளிரையும் மாடு மேய்ந்தால் சயனைடு நஞ்சு ஏறி நின்ற இடத்திலேயே விழுந்துவிடும். பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். எந்த ரகமானாலும் இதுதான்.

விதைக்கு உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கோ 32, கே 12 என்ற சோள ரகங்கள் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தட்டு முக்கியம் என்பதால், தானியத்துக்கும் தீவனத்துக்கும் ஆகிற கோ 32க்கு என் ஓட்டு. பையில் நீல நிறச் சான்று அட்டை இருக்க வேண்டும். முளைப்புத்திறன் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பரிசோதனைத் தேதியும் காலாவதித் தேதியும் பாருங்கள். மானாவாரிக்கு விதையைக் கடினப்படுத்தினால் அதிகச் செலவில்லாத லாபம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதையுங்கள். ஆரம்ப வறட்சியைத் தாங்க இது கைகொடுக்கும்.

ஒருவேளை ஏற்கெனவே அவரிடம் கொஞ்சம் வாங்கிவிட்டீர்கள் என்றால் விதைக்காமல் பையோடு வைத்திருங்கள். ரசீது கேளுங்கள். ரகத்தின் பெயர், குவியல் எண், பரிசோதனைத் தேதி இல்லாத விதையை விற்பது தவறு. பையையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போய் விதை ஆய்வாளரிடம் காட்டுங்கள். ரசீது தர மறுத்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.