ஸ்பேனர் ஏறாத வீல் நட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பங்க்சரான வீலைக் கழற்றப் போனால், காரோடு வந்த 19 மி.மீ. ஸ்பேனர் மூன்று நட்டுகளில் ஏறவே இல்லை. மற்ற இரண்டில் சரியாக ஏறுகிறது. ஒரே வீலில் நட் சைஸ் எப்படி மாறும்?

பதில்: சைஸ் மாறவில்லை. நட்டின் மேல்தகடு ஊதியிருக்கிறது. உங்கள் காரில் இருப்பவை தொப்பி போட்ட நட்டுகள். உள்ளே சாதாரண இரும்பு நட். பளபளப்புக்காக அதன் மேல் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டைக் கவிழ்த்து, அடி ஓரத்தை மடக்கி அழுத்தியிருப்பார்கள். ஸ்பேனர் பிடிப்பது இந்தத் தகட்டை, உள்ளே இருக்கும் நட்டை அல்ல.

ஏர் கன்னில், அதாவது காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் கருவியில், கழற்றி மாட்டும்போது சாக்கெட் (நட்டை மூடிப் பிடிக்கும் குழல் ஸ்பேனர்) கொடுக்கும் அதிர்வடி முழுக்கத் தொப்பியின் மூலைகளில் விழுகிறது. மூலை கிழியும், அல்லது அடி மடிப்பு விட்டுக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். தொப்பியே மூடிபோல நிற்பதால் வெளியே காயாது. உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். இரும்பு இருந்த இடத்தைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் அது தகட்டை வெளியே தள்ளுகிறது. சாலையில் உப்பு தூவும் குளிர்நாடுகளிலும் கடற்கரையோரத்திலும் இது சீக்கிரம் நடக்கும். 19 மி.மீ. நட் 19.5 ஆக ஊதினாலே போதும், ஸ்பேனர் ஏறாது. எந்தத் தொப்பி எப்போது கிழிந்தது என்பதைப் பொறுத்ததால்தான் இரண்டு நட் தப்பித்திருக்கின்றன.

இது பல மாதம் யாருக்கும் தெரியாமலே இருக்கும். டயர் கடையில் ஸ்பேனர் ஏறவில்லை என்றால் அரை சைஸ் பெரிய சாக்கெட்டை மாட்டிக் கழற்றி, அதே சாக்கெட்டால் இறுக்கி அனுப்பிவிடுவார்கள். கெட்ட பழக்கம் இது. வண்டிக்காரருக்கு விஷயம் தெரியவருவது நடுவழியில், ஸ்டெப்னியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான்.

கேள்வி: அப்படி நடுவழியில் நின்றால் என்ன செய்வது? சுத்தியலால் அடித்து ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம், ஒழுங்காகச் செய்தால். வண்டி தரையில் நான்கு வீலிலும் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரிலோ பார்க்கிலோ வையுங்கள். ஜாக்கியில் ஏற்றிய வண்டியில் சுத்தியல் வேலையே கூடாது, வண்டி சரிந்துவிடும்.

முதலில் பெரிய சைஸைப் பாருங்கள். ஊதிய 19-க்கு 19.5 மி.மீ. சாக்கெட் என்றே விற்கிறார்கள். 21-க்கு 21.5 கிடைக்கும். அது இல்லையென்றால் 22 கொஞ்சம் லூசாக உட்காரும். 6 மூலை சாக்கெட்டாகவே எடுங்கள். 12 மூலை சாக்கெட் நட்டின் முனையோரத்தில் மட்டும் பிடிக்கும், மெல்லிய தகட்டை உடனே மழுங்கடித்துவிடும்.

பெரிய சைஸ் கையில் இல்லையென்றால் 19-ஐயே நேராக வைத்து, நடுத்தர எடையுள்ள சுத்தியலால் நிதானமாகத் தட்டுங்கள். சாக்கெட் சாய்ந்தால் நிறுத்தி நேராக்கிவிட்டுத் தொடருங்கள். சம்மட்டி எடுத்து ஓங்கிப் போடாதீர்கள், அந்த அடியை வாங்குவது வீல் பேரிங். கழன்று வந்த நட் சாக்கெட்டுக்குள்ளேயே இறுகி நிற்கும். பின்பக்கச் சதுரத் துளை வழியாக ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் வெளியே வந்துவிடும்.

இறுகியதைத் தளர்த்த நீளமான கைப்பிடி வைத்து ஒரே சீராக அழுத்துங்கள். வெட்டி வெட்டி இழுத்தால் தகடு மட்டும் சுழலும். அரைச் சுற்று தளர்ந்த பிறகுதான் ஜாக்கி.

கேள்வி: எனக்கு அதுதான் நடந்தது. தொப்பி தனியாகக் கையோடு வந்துவிட்டது. இப்போது 19 சாக்கெட் உள்ளே சும்மா சுற்றுகிறது.

பதில்: உள்ளே இருக்கும் நட் ஏறக்குறைய 1 மி.மீ. சிறியது. 18-ஐப் போட்டுப் பாருங்கள். துரு கொஞ்சம் தின்றிருந்தால் அதுவும் லூசாக இருக்கும், அப்போது 17-ஐத் தட்டி ஏற்றுங்கள். 19-ஐ வைத்து இன்னும் இரண்டு தடவை முயன்றால், உள்ளே மிச்சமிருக்கும் மூலைகளும் போய்விடும்.

ஏற்கெனவே நட்டின் மூலைகள் மழுங்கி உருண்டுவிட்டதென்றால் ட்விஸ்ட் சாக்கெட் வேண்டும். இதன் உட்புறத்தில் மூலைகளுக்குப் பதில் சுருள் பற்கள் இருக்கும். தட்டி ஏற்றி, கழற்றும் திசையில் திருப்பினால் பற்கள் மேலும் மேலும் கடிக்கும். கழற்ற மட்டுமே இது. இதை வைத்து எந்த நட்டையும் இறுக்காதீர்கள்.

உளியால் வெட்டுவது, நட் உடைக்கும் கருவியை மாட்டுவது எல்லாம் இரும்பு ரிம்மில் முடியலாம். அலாய் வீலில் நட் ஆழமான குழிக்குள் இருப்பதால் கருவி உள்ளேயே போகாது. உளி வழுக்கினால் வீலுக்கு வடு. அதற்கு மேல் துளை போடுவது, இன்னொரு நட்டை வெல்டிங் செய்து பிடித்துத் திருப்புவது என்பதெல்லாம் பட்டறை வேலை. டயரில் காற்று இருக்கும்போது யாராவது கேஸ் கட்டரையோ வெல்டிங்கையோ வீல் பக்கம் கொண்டுவந்தால் தடுத்து நிறுத்துங்கள். ரிம் சூடேறி டயர் வெடித்தால் அருகில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஒரு மணி நேரம் வைத்தும் பயனில்லையே?

பதில்: ஊதிய தொப்பிக்கு அது உதவாது. கோளாறு நட்டின் வெளிப்புறத்தில். ஸ்பிரே வேலை செய்வது மரையில் (நட்டின் உட்புறத் திருகு வரிகளில்) துருப்பிடித்து இறுகியிருந்தால்தான். அதுவும் தொப்பி மூடிய நட்டில் முன்பக்கமாக அடித்தால் மரைவரை போகாது. ஆனால் பிரேக் டிஸ்க்கில் படக்கூடும். எனவே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு வீலில் மட்டும் புது நட் மாற்றினால் போதாதா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நான்கு வீலிலும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். 5 நட் வண்டிக்கு 20, 4 நட் வண்டிக்கு 16. எல்லாம் ஒரே வயது, ஒரே மழை, ஒரே ஏர் கன். இன்று ஊதாதது அடுத்த வருடம் ஊதும். பழைய தொப்பி நட்டையே புதிதாக வாங்குவதில் அர்த்தமில்லை. தகடு இல்லாத, முழுவதும் ஒரே இரும்பில் செய்த நட் வாங்குங்கள். பளபளப்பு சற்றுக் குறையலாம், ஊதுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

வாங்கும்போது மரை, உட்காரும் முகம், நீளம் மூன்றும் பொருந்த வேண்டும்.

மரையில்தான் அதிகம் ஏமாறுவார்கள். ஸ்டட் என்பது நட் ஏறும் மரையுள்ள தண்டு. 12 மி.மீ. ஸ்டட்டில் மரை வரிகளுக்கு இடையே 1.25, 1.5 மி.மீ. என்று இரண்டு இடைவெளி புழக்கத்தில் உண்டு. சுசுகி, நிசான், சுபாரு கார்களில் பெரும்பாலும் 1.25. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் 1.5. பெரிய வண்டிகளில் 14 மி.மீ., 1.5 இடைவெளி அதிகம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தவறான நட் முதல் ஒன்றிரண்டு சுற்று கையால் ஏறிவிட்டு நின்றுவிடும். அங்கே ஏர் கன் வைத்தால் ஏறத்தான் செய்யும், ஸ்டட்டின் மரையைச் சீவிக்கொண்டு. சரியான நட் சுத்தமான மரையில் விரலாலேயே கடைசிவரை போகும். கடையில் வாங்கும்போதே உங்கள் ஸ்டட்டில் ஒன்றைச் சுற்றிப் பாருங்கள்.

உட்காரும் முகம் மூன்று வகை: 60 பாகைக் கூம்பு, உருண்டை, வாஷரோடு தட்டை. வீலின் குழி எந்த வடிவமோ நட்டும் அதே வடிவம். உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் நூல் பருமனில் ஒரு வளையம் மட்டும்தான் தொடும். இறுக்கும்போது இறுகியதாகத் தோன்றும், ஓட ஓட அந்த வளையம் தேய்ந்து நட் தளரும். சந்தேகமிருந்தால் நட்டின் முகத்தில் மார்க்கரால் கறுப்பு பூசி, இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை அகலமான பட்டையாக அழிந்திருந்தால் சரி. மெல்லிய கோடாக அழிந்திருந்தால் வேறு நட்.

நீளத்துக்குச் சுலபமான கணக்கு உண்டு. ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட், 1.5 இடைவெளி என்றால் 8 முழுச் சுற்று. 1.25 என்றால் 10. வீலை மாட்டி, கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். தலை மூடிய நட்டாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஸ்டட் நீளமாக இருந்து நட்டின் உள்முனையில் முட்டினால், நட் இறுகியது போல நிற்கும், வீல் இறுகியிருக்காது.

அலாய் வீல் வண்டியில் ஸ்டெப்னி பல சமயம் இரும்பு ரிம்மாக இருக்கும். புது நட் அதிலும் சரியாக உட்காருகிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிடுங்கள். வண்டியின் ஸ்பேனர் புது நட்டின் சைஸுக்குப் பொருந்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கேள்வி: புது நட் துருப்பிடிக்காமல் இருக்க மரையில் கிரீஸ் தடவலாமா?

பதில்: கார் கம்பெனி சொல்லாவிட்டால் வேண்டாம். நீங்கள் போடும் முறுக்கில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் ஸ்டட்டை இழுத்து வீலைப் பிடிக்கிறது. மீதி மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வாகப் போகிறது. கையேட்டிலுள்ள முறுக்கு அளவு, காய்ந்த மரைக்கான உராய்வைக் கணக்கில் வைத்துச் சொன்னது. கிரீஸ் போட்டால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் ஸ்டட் வெகுவாக அதிகம் இழுபடும். இரும்பு பிரஷால் மரையைத் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும். ரிம் ஹப்பில் (வீலைத் தாங்கும் நடுப்பகுதியில்) ஒட்டிக்கொள்வதுதான் பிரச்சினை என்றால், ஹப்பின் நடுவிளிம்பில் மட்டும் லேசாகத் தடவலாம். ரிம்மும் ஹப்பும் தட்டையாகச் சேரும் முகத்தில் படக்கூடாது.

கேள்வி: ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்து இறுக்குவது சரியா?

பதில்: 70 கிலோ ஆள் 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் நின்றால் முறுக்கு ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. ஸ்டட் உள்ள கார்களுக்குப் பெரும்பாலும் 100 முதல் 120-க்குள்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டு மடங்கு. அடுத்த பங்க்சரில் கழற்ற முடியாமல் போவதற்கும் தொப்பி கிழிவதற்கும் தொடக்கம் இங்கேதான்.

எல்லா நட்டையும் கையால் சுற்றிவிட்டு, எதிரெதிர் வரிசையில் பாதி முறுக்கு கொடுங்கள். வண்டியை இறக்கிவிட்டு, டார்க் ரெஞ்ச்சால் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனரால்) கையேட்டு அளவுக்கு முடியுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள்.

கேள்வி: கழற்றும்போது ஒரு ஸ்டட் முறிந்துவிட்டது. மீதி 4 நட்டோடு ஓட்டலாமா?

பதில்: அருகிலுள்ள பட்டறைவரை மெதுவாக, அவ்வளவுதான். ஸ்டட் ஹப்புக்குள் வரிப் பற்களால் இறுகி நிற்கிறது. பழையதைப் பின்பக்கமாகத் தள்ளி எடுத்துவிட்டு, புதியதை அழுத்தி ஏற்றுவார்கள். சில வண்டிகளில் டிஸ்க்கைக் கழற்றினாலே போதும், சிலவற்றில் ஹப்பையே வெளியே எடுக்க வேண்டிவரும். நட்டை இறுக்கியே ஸ்டட்டை இழுத்து ஏற்றினால், அதற்குப் பயன்படுத்திய நட்டைத் தூக்கிப்போடச் சொல்லுங்கள், அதன் மரை பாழாகியிருக்கும். நட் தளர்ந்து ஓடியதால் முறிந்திருந்தால், பக்கத்திலிருக்கும் இரண்டு ஸ்டட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அந்தச் சுமையை அதிகம் தாங்கியவை அவைதான்.