சேலம் வெயிலில் பிசையாத பிரெட்: துளை விழாமல் உள்ளே பிசுபிசுப்பு

மாவைப் பிசையாமல் கலந்து, நெடுநேரம் பொங்கவிட்டுச் சுட்ட பிரெட்டில் துளையே விழவில்லை, உள்ளே பிசுபிசுக்கிறது, ஈஸ்ட் பழசாகிவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். அது இல்லைங்க. மாவை 18 மணி நேரம் வெளியே வைத்தேன் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். அந்தக் கணக்கு 21 டிகிரி அறைக்கு. ஏற்காட்டில் குளிர்காலத்தில் வேண்டுமானால் சரிப்படும். சேலத்துச் சித்திரைக்கு ஆகாது. மாவு பொங்கி நடுவில் குழிந்து, புளிச்ச வாடை வருகிறதா? மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டன் அறுந்துவிட்டது. அப்புறம் காற்று நிற்காது, அடை மாதிரி அமுங்கிப்போகும்.

400 கிராம் மைதாவுக்குக் கால் டீஸ்பூன் ஈஸ்ட் போதும். சாயங்காலம் கலந்து, இரட்டிப்பானதும் ஃபிரிட்ஜில் தள்ளிவிடுங்கள். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். தண்ணீர் 300 மில்லி என்று போட்டிருக்கிறீர்கள். கடை மைதா அவ்வளவு தாங்காது, 270இல் நிறுத்துங்கள்.

சூட்டோடு அறுக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது ஆறட்டும், இல்லாவிட்டால் நன்றாக வெந்த பிரெட்டும் கத்தியில் ஒட்டும்.