வீட்டு மாடியில் சோலார் போடுவது லாபமா? அந்தப் பணத்தை வங்கியில் போடுவதே மேலா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் 3 கிலோவாட் போட்டு ஆறு வருடம் ஆகிறது. லாபமா என்றால் லாபம்தான். ஆனால் விற்றவர் சொன்ன லாபம் இல்லை.

உங்களிடமும் யாரோ ஒரு தாளை நீட்டியிருப்பார்கள். "8 வருஷத்துல போட்ட பணம் வந்துடும் சார், வருஷத்துக்கு 12.5 சதவீதம் வட்டி மாதிரி." நான் விழுந்தது இந்தக் கணக்கில்தான். வங்கியில் போட்டால் வட்டியும் வரும், கடைசியில் முதலும் அப்படியே இருக்கும். மாடியில் போட்ட முதல் அப்படித் திரும்பாது. மாதாமாதம் குறைகிற மின்கட்டணத்தில் கரைந்து கரைந்துதான் வரும். அதாவது அந்த 12.5க்குள் முதலும் அடக்கம். பேனல் 25 வருடம் ஓடினால் உண்மையான வட்டி 11ஐ ஒட்டி நிற்கும். மாடி கட்டவென்று 12 வருடத்தில் கழற்றினால் 7 கூடத் தேறாது. பேனலிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் 10, 15 வருடத்தில் போய்விடும், அந்தச் செலவு தனி. 'மிச்சமாகும் பணத்துக்கு வரி இல்லையே, கட்டணம் ஏறினால் லாபமும் ஏறுமே' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். சரி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சோலாருக்கு எதிரி இல்லை.

இனி என் கதை. முதல் வருடம் நாளுக்குச் சராசரி 11 யூனிட் வந்தது. சாயங்காலமானால் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிவிடுவேன், வீட்டில் சிரிப்பார்கள். மூன்றாம் வருடம் அது 8.5க்கு இறங்கியது. பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தத் தூசிதான் என்று வாரத்துக்கு இரண்டு தடவை துடைத்தேன். ஏறவில்லை. விற்றவருக்கு போன் போட்டால் "மேகம் சார்" என்றார், அப்புறம் "பேனல் தேயும் சார்" என்றார். பேனல் தேய்வது வருடத்துக்கு அரை சதவீதம் அளவில்தான். இரண்டே வருடத்தில் கால்வாசி எப்படித் தேயும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸோடு மாடி ஏறினேன். மணிக்கொரு தடவை நிழல் விழும் இடத்தில் கோடு போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய மாடி அறையும் அதன் தலையில் வைத்த தண்ணீர்த் தொட்டியும் ஒரு மணிக்கு இரண்டு பேனலை மறைத்தன, மூன்று மணிக்கு ஐந்தை. மொத்தமே ஒன்பதுதான். பேனல்களைச் சரமாகக் கோத்திருப்பதால் ஒன்றின் ஓரத்தில் விழும் நிழல்கூட அந்த ஓரத்தோடு நிற்காது, அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கையே படுக்க வைத்துவிடும். இதில் எரிச்சல் என்னவென்றால், அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் கொடுத்ததே என் வீட்டுக் குழாய்தான்!

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மனுஷன் மறந்துவிடுவார். அரை மணி நேரம் வழியும், என் சுவர் முழுக்க ஈரம். தானாக நிற்கிற சுவிட்ச் ஒன்று நானே வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். "தண்ணிதானே சார்" என்றார். நாலு தடவை சொல்லியாகிவிட்டது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

கடைசியில் மூன்று பேனலைக் கழற்றி மாடியின் மறு ஓரத்துக்கு மாற்றினோம். துணிக்கொடி போச்சு, மனைவிக்கு இன்னும் கோபம். இப்போது 10 யூனிட் வருகிறது.

இன்னொன்று. பேட்டரி வைக்காமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்தால், கரண்ட் போகும்போது சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்ப்பவர் மேல் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதென்று இன்வெர்ட்டர் தானே அணையும். இது எனக்கு வீடு நிறைய விருந்தாளிகள் இருந்த ஒரு மத்தியானம்தான் தெரிந்தது.

பகலில் வீட்டில் ஆள் இருப்பீர்களா? இல்லையென்றால், நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கும் உள்ளே வாங்கும் யூனிட்டுக்கும் ஒரே விலையா என்று முதலில் விசாரியுங்கள். அனுப்புவதற்குப் பாதி விலைதான் என்றால் அந்த 8 வருடக் கணக்கு நிற்காது.

வெயில் வரும் பக்கத்தில் காலி மனை ஏதாவது இருக்கிறதா? அதைக் கேள்வியில் நீங்கள் சொல்லவே இல்லையே.