லேசர் ஒளி பட்டால் பொருள் சூடாகும்தானே? நானோ படிகம் மட்டும் எப்படிக் குளிரும்?

பெரும்பாலும் சூடுதான் ஆகும். குளிர்வதும் இயற்பியலுக்கு உட்பட்டதுதான். ஆனால் அதற்கான நிபந்தனை மிகக் கடுமையானது. நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது காட்மியம் செலினைடு என்ற குறைக்கடத்தியின் (semiconductor) நானோ படிகங்களோடு, அதாவது சில நானோமீட்டர் அளவே உள்ள படிகங்களோடு, சில வருடம் கழித்தவன், அதனால் எழுதுகிறேன்.

படிகம் ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, விழுங்கி இன்னொன்றை உமிழ்கிறது. வழக்கமாக வெளியே வருவதற்கு ஆற்றல் குறைவு. மிச்சம் வெப்பமாகப் படிகத்திலேயே தங்கிவிடும். லேசர் ஃபோட்டானின் ஆற்றலை உமிழும் ஃபோட்டானுடையதைவிடச் சற்றுக் கீழே வைத்தால் கதை மாறும். குறைகிற ஆற்றலை எலக்ட்ரான் படிகத்தின் அதிர்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதிர்வுதான் வெப்பம். ஒளி வெளியே போகும்போது அந்த வெப்பமும் கூடவே போய்விடுகிறது. இதை 1929-லேயே இயற்பியலாளர் பிரிங்ஸ்ஹைம் சொன்னார். வெப்ப இயக்கவியல் இதற்கு இடம் தராது என்று வாதம் எழுந்தது. 1946-ல் இன்னொரு இயற்பியலாளர் லாண்டாவ் அதைத் தீர்த்துவைத்தார். ஒரே திசையில் ஒழுங்காக வரும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறிப் போகிறது, என்ட்ரோபியும், அதாவது ஒழுங்கின்மையும், அதோடு வெளியேறுகிறது.

சரி, சிக்கல் எங்கே? கணக்கில். ஒவ்வொரு ஃபோட்டானும் வெளியே கொண்டுபோகும் வெப்பம், அறை வெப்பநிலையில், சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல்களை அளக்கும் அலகு). விழுங்கிய ஃபோட்டானோ 2 எலக்ட்ரான் வோல்ட் என்று வையுங்கள். ஒரே ஒரு ஃபோட்டான் ஒளிராமல் போனால் அந்த 2 முழுவதும் வெப்பமாகிவிடும். 80 ஃபோட்டான்கள் செய்த வேலை வீண்! விழுங்கும் 100 ஃபோட்டான்களில் குறைந்தது 99 ஒளியாகத் திரும்பி வர வேண்டும். நானோ படிகத்தில் அணுக்களில் கணிசமான பங்கு மேற்பரப்பில்தான் இருக்கிறது. அங்கே பிணைப்பு சரியாக அமையாத ஒரு அணு போதும், எலக்ட்ரான் அதில் மாட்டிக்கொள்ளும். புற ஊதா விளக்கில் கண்ணைப் பறிக்கும் பச்சையாய் மின்னிய என் குப்பிகள்கூட இந்த 99-க்குப் பக்கத்தில் வந்ததில்லை. ஒளிர்வதற்கும் குளிர்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இட்டெர்பியம் என்ற உலோகத்தின் அயனிகள் கலந்த கண்ணாடியில் 1995-லேயே அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் குளிர்வைக் காட்டிவிட்டார்கள். குறைக்கடத்தியில் பெரிய செய்தி 2013-ல் வந்தது. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தினர் காட்மியம் சல்பைடு நானோ பட்டைகள் சுமார் 40 கெல்வின் (அதாவது 40 டிகிரி செல்சியஸ் அளவு) குளிர்ந்ததாக நேச்சர் இதழில் எழுதினார்கள். 2019-ல் அதே இதழில் இன்னொரு குழு அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கியது. அதனால் நான் அதை முடிந்த கதையாகச் சொல்ல மாட்டேன்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. அதே 2019-ல், காட்மியம் செலினைடின் மேல் காட்மியம் சல்பைடு உறை போர்த்திய படிகங்களில் 99.6 சதவீத ஒளிர்வு அளக்கப்பட்டது. வெளியே வரும் ஒளியை எண்ணினால் இவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. அதனால் அந்த ஆய்வாளர்கள் ஒளியாகாமல் உள்ளே தங்கிய அந்தத் துளி வெப்பத்தை அளந்தார்கள்.