அளக்காமல் போன தூரம்

வணக்கம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பூமிக்கடியில் 680 கிலோமீட்டருக்கும் மேல் வழி இருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. மலை ஏறுகிறவருக்கு உச்சி இருக்கிறது, அங்கே நின்று பார்க்கக் காட்சி இருக்கிறது. சேற்றிலும் இருட்டிலும் தவழ்ந்து போகிறவருக்கு என்னதான் கிடைக்கிறது? போன மாதம் நண்பர்கள் நான்கு பேர் செல்போன் வெளிச்சத்திலேயே ஒரு குகைக்குள் வெகுதூரம் போய்வந்தோம். ஒரு கிலோமீட்டராவது இருக்கும். ஓர் இடுக்கில் எனக்கு மூச்சு முட்டியது, நான் நின்றுவிட்டேன். மற்ற மூவரும் போய்த் திரும்பினார்கள். எனக்கு இதெல்லாம் ஒத்துவராதோ? உள்ளே பாம்பு, வவ்வாலால் ஆபத்து உண்டா?

ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். செல்போன் வெளிச்சத்தில் குகைக்குள் போவது துணிச்சலில் சேராது. கீழே விழுந்தால் உடையும், நனைந்தால் அணையும், கையில் பிடித்திருந்தால் பாறையைப் பற்ற ஒரு கைதான் மிச்சம். ஆளுக்கு மூன்று விளக்கு, தலைக்கவசம், ‘இத்தனை மணிக்குள் வராவிட்டால் ஆள் அனுப்பு’ என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவைத்தல். இவை இல்லாமல் இனி ஓரடி வைக்காதீர்கள். 2014இல் ஜெர்மனியின் ரீசெண்டிங் குகையில், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒருவர் தலையில் கல் விழுந்தது. அவர் புதியவர் அல்ல, அந்தக் குகையை நன்றாக அறிந்தவர். அவரை வெளியே கொண்டுவரப் பதினோரு நாள் ஆனது, நூற்றுக்கணக்கானவர்கள் உழைத்தார்கள். உங்கள் நால்வரில் ஒருவருக்குக் கால் பிசகியிருந்தால்? நீங்கள் அங்கே இருப்பது யாருக்குமே தெரியாதே.

பாம்பு, வவ்வால் கேள்வியை விட்டுவிடுவோம். தூங்குகிற வவ்வாலை எழுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘ஒரு கிலோமீட்டராவது இருக்கும்’ என்ற வரி. கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். இருக்காது ஐயா. தவழ்ந்து போனவருக்கு எல்லாத் தூரமும் பெரிதாகத்தான் தெரியும். வானம் இல்லை, நிழல் இல்லை, தூரத்தில் பார்த்துவைக்க ஒரு மரம் இல்லை. உடம்பு பட்ட பாட்டைத்தான் மனம் தூரம் என்று எண்ணிக்கொள்கிறது. அதனால்தான் நெடுங்குகைகளில் வேலை செய்கிறவர்கள் அளந்துகொண்டே முன்னேறுகிறார்கள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எத்தனை மீட்டர், எந்தத் திசை, எவ்வளவு சரிவு என்ற மூன்று எண்கள். அப்புறம் அந்த இடத்தின் படம். அடுத்த புள்ளிக்குப் போய் மறுபடியும் அதே மூன்று எண்கள். முன்பு நாடாவும் திசைகாட்டியும், இப்போது லேசர் கருவி. அளக்காமல் முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வருகிறவரை அந்தக் கூட்டத்தில் யாரும் மதிப்பதில்லை.

நான் குறிப்பேடு பிடித்துப் போயிருக்கிறேன். குழுவை நடத்திய பெண்மணி எண்ணைச் சொல்வார், நான் திரும்பச் சொல்ல வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். விரல் விறைத்து, பென்சில் நழுவி, இரண்டு மணி நேரத்தில் சலித்துவிடும். ‘7ஐ 1 என்று எழுதினால், மேலே போனதும் அது நமக்குத் தெரியாது. குகை வேறு இடத்துக்குப் போய்விடும்’ என்பார். ஓர் இடத்தில் எதிரே வழி திறந்து கிடந்தது, முகத்தில் காற்று அடித்தது. காற்று வந்தால் அப்பால் இன்னும் குகை இருக்கிறது என்று பொருள். எனக்குக் கால் நிற்கவில்லை. அவர் மணியைப் பார்த்தார், கடைசிப் புள்ளியைப் பாறையில் குறித்தார், ‘திரும்பலாம்’ என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அந்தப் புள்ளி இருந்ததால்தான் பிறகு போனவர்கள் அங்கிருந்தே தொடர முடிந்தது.

‘என்ன கிடைக்கிறது?’ என்று கேட்டீர்கள். மாமத் குகையையே பாருங்கள். ஸ்டீபன் பிஷப் என்ற கறுப்பின இளைஞர் 1838இல் வழிகாட்டியாக அங்கே வந்தார். அவர் அடிமை. அடுத்த ஆண்டு குகை கைமாறியபோது அவரும் கைமாறினார். அடியில்லாக் குழி என்று எல்லோரும் அஞ்சி நின்ற பள்ளத்தைத் தாண்டி அப்பால் போனவர் அவர்தான். 1842இல் குகைக்கு வெகுதூரத்தில், எஜமானின் வீட்டில் உட்கார்ந்து, நினைவிலிருந்தே அதன் வரைபடத்தை வரைந்தார். அது அவர் பெயரோடு அச்சிலும் வந்தது. தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒரு மனிதர், வேறு யாருக்கும் தெரியாத ஓர் உலகத்தைத் தலைக்குள் முழுதாக வைத்திருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1856இல் விடுதலை கிடைத்தது, மறு ஆண்டே இறந்துபோனார்.

பிறகு 1972. பக்கத்து ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளும் மாமத்தும் ஒன்றா, தனித்தனியா என்பது பல ஆண்டுக் கேள்வி. வரைபடத்தில் இரண்டின் கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வந்தன. பாட்ரிசியா குரோதர் என்ற குகை ஆய்வாளர், பருமனானவர்கள் நுழைய முடியாத ஓர் இடுக்கில் நுழைந்து அப்பால் வழி இருப்பதைக் கண்டார். அளவை எண்களைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கியவர்களில் அவரும் அவர் கணவரும் உண்டு. செப்டம்பர் 9 அன்று ஆறு பேர் அந்த வழியே போனார்கள். முன்னால் போன ஜான் வில்காக்ஸ் மார்பளவுத் தண்ணீரில் நடந்து, எதிரே மாமத் குகையில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்ட கைப்பிடிக் கம்பியைக் கண்டார். அதுவரை குகைக்குள் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டியது அந்த அளவை எண்கள்தான். இரண்டு குகைகளும் ஒன்றாகி சுமார் 230 கிலோமீட்டர் ஆயின. அன்றிலிருந்து இன்றைய 680 வரை வந்ததும் யாரோ முழங்கால் தேய்த்து அளந்து சேர்த்ததுதான். இன்னும் முடியவில்லை.

உங்கள் பயத்தைப் பற்றிச் சொல்ல மறந்தே போனேன். மூச்சு முட்டிய இடத்தில் நின்றீர்களே, அந்தப் பயணத்திலேயே நீங்கள் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். வெட்கப்பட வேண்டியவர்கள் உங்களைத் தனியே விட்டுப்போன மூவர். ஒரு முறையான குகைக் குழுவில் சேருங்கள், ‘நான் குறிப்பேடு பிடிக்கிறேன்’ என்று கேளுங்கள். எழுதுகிறவருக்குப் பஞ்சம், யோசிக்காமல் சேர்த்துக்கொள்வார்கள். இடுக்குகளை ஒல்லியானவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.